ஆலை ஓடாத மாதங்கள்

'ஷட்டவுன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்று எனக்கும் ஒரு செய்தி ஆசிரியருக்கும் 2015-ல் ஒரு மாலை முழுக்கத் தகராறு. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் பாட் என்ற ஊரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள ஆதித்யா என்ற டோகமாக் இயந்திரத்தை நிறுத்தி, பிரித்து, மாற்றிக் கட்டப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. தமிழாக்கும் வேலை என்னுடையது. தலைப்பு போடும் உரிமை அவருடையது. அவர் போட்டிருந்த தலைப்பு: 'குஜராத் அணு உலை மூடல்'.

அதில் இருந்த நான்கு சொற்களில் குஜராத் மட்டும்தான் சரி. ஆதித்யா, கூடங்குளம் போன்ற அணு உலை அல்ல. அங்கே யுரேனியம் கிடையாது, அணுவைப் பிளப்பதும் கிடையாது, ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தியாவதில்லை. அது ஹைட்ரஜன் வாயுவைச் சூடேற்றி, காந்தப் புலத்தால் வளைத்துப் பிடித்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக் கருவி. சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்த முடிந்தால் அந்த ஞானம் பயன்படும். கூடங்குளம் போராட்டத்தை டி.வி.யில் பார்த்திருந்த தமிழ் வாசகருக்கு 'அணு உலை மூடல்' என்று கொடுத்தால் அவர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

'மூடல்' அதைவிட மோசம். தமிழில் ஆலை மூடல் என்றால் கேட்டில் நோட்டீஸ், வெளியே நிற்கும் தொழிலாளர்கள், வராத சம்பளம். 'கதவடைப்பு' என்றால் நிர்வாகம் செய்வது. 'வேலைநிறுத்தம்' என்றால் தொழிலாளி செய்வது. அப்படியானால் வேலை செய்வதற்காகவே இயந்திரத்தை நிறுத்தினால் அதற்கு என்ன பெயர்? செய்தி ஆசிரியர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். "உங்கள் எம்.ஏ. தமிழில் இதற்கு ஒரு வார்த்தை இல்லையா?"

எம்.ஏ. தமிழில் இல்லை. என் வீட்டில் இருந்தது. என் அப்பா கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர்.

கரும்பு அரவை வருடம் முழுக்க நடக்காது. சில மாதங்கள் இரவும் பகலும் அரவை, பிறகு ஆலை நிற்கும். ஊர்க்காரர்கள் 'மில் ஓடலை' என்பார்கள். அப்பா 'மராமத்து' என்பார், அல்லது 'ஓவராலிங்'. அரவைக் காலத்தில் அவருக்கு எட்டு மணி நேர ஷிப்ட். மராமத்துக் காலத்தில்தான் அவரை வீட்டில் பார்ப்பது அபூர்வம். ரோலர்களில் தேய்ந்த பல்லுக்கு வெல்டிங் வைத்துக் கடைந்தெடுப்பார்கள். சாறு காய்ச்சும் பாத்திரங்களின் குழாய்களில் உள்ளே படிந்த காரையைப் பிரஷ் விட்டுச் சுரண்டுவார்கள். கொதிகலன் குழாய்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு நல்ல நாளில் 'கொதிகலனுக்கு இளஞ்சூடு ஏற்றும் விழா'. அமைச்சரோ கலெக்டரோ வந்து தீ மூட்டுவார். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். போட்டோவில் கிரீஸ் கறையுள்ள ஆள் ஒருவரும் இருக்க மாட்டார்.

இணைவு இயந்திரங்களின் கதையை மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆலைதான் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை நான் இழுத்துக்கட்டியதல்ல. டோகமாக்கும் ஆண்டு முழுக்க ஓடுவதில்லை. சில மாதங்கள் பரிசோதனை, பிறகு நிறுத்தம், திறப்பு, பழுது, புதுப் பாகம், மறுபடி மூடிச் சூடேற்றல், மறுபடி பரிசோதனை. அந்தப் பரிசோதனைக் காலத்தை ஆங்கிலத்தில் 'கேம்பெய்ன்' என்கிறார்கள். அகராதி பார்த்து 'பிரசாரம்' என்று எழுதினால் விஞ்ஞானிகள் வேனில் மைக் கட்டிப் போவதுபோல் இருக்கும். நான் முதலில் 'போகம்' என்று எழுதினேன். முப்போகம் விளையும் நிலம் என்கிறோமே, அந்தப் போகம். அலுவலகமே சிரித்தது. அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பது எனக்கும் தெரியும். கடைசியில் 'பரிசோதனைப் பருவம்' என்று சமரசம் ஆனது. அரவைப் பருவத்தின் பருவம்.

ஆதித்யா சிறிய இயந்திரம். 1989-ல் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகமாக். டயர் டியூப் வடிவத்தில் ஒரு வெற்றிடக் கலம், அதைச் சுற்றி 20 பெரிய காந்தச் சுருள்கள். உள்ளே வளையமாக ஓடும் பிளாஸ்மாவின் நடுக்கோட்டிலிருந்து இயந்திரத்தின் மையம் வரை 75 சென்டிமீட்டர். பிளாஸ்மாவின் தடிமன் அரை மீட்டர். அதற்குள் ஹைட்ரஜன் பல லட்சம் டிகிரிக்குச் சூடேறும், நொடியில் சிறு பங்கு நேரத்துக்கு. ஒரு 'ஷாட்' என்றால் அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆதித்யா இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படி ஆயிரக்கணக்கான ஷாட்களை நடத்தியது. (2023-ல் இஸ்ரோ சூரியனை நோக்கி அனுப்பிய ஆதித்யா வேறு. பெயர் வைப்பதில் நமது விஞ்ஞானிகளுக்குச் சூரியனை விட்டால் வேறு கடவுள் இல்லை போலிருக்கிறது.)

இந்த இயந்திரத்தை ஏன் பிரித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். பழைய கலத்தின் குறுக்குவெட்டு செவ்வக வடிவம். பிளாஸ்மாவோ வட்டமானது. பிளாஸ்மா சுவரைத் தொடாமல் இருக்க கிராபைட்டாலான ஒரு தடுப்பு இருந்தது. அதன் ஆங்கிலப் பெயர் லிமிட்டர். நான் வரப்பு என்று எழுதினேன். வரப்பில் பிளாஸ்மா உரசினால் அதிலிருந்து அழுக்கு கிளம்பி நடுவே கலக்கும், சூடு குறையும். நவீன டோகமாக்குகளில் வரப்புக்குப் பதிலாக டைவர்ட்டர் என்ற அமைப்பு உண்டு. பிளாஸ்மாவின் ஓரத்தில் உள்ள கழிவையும் சூட்டையும் காந்தப் புலத்தால் ஒதுக்கி, ஓர் ஓரமாகக் கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடு. வடிகால் என்று சொன்னால் விவசாயிக்குப் புரியும். ஆதித்யாவில் வடிகால் அமைக்கக் கூடுதல் சுருள்கள் வேண்டும். அந்தச் சுருள்களை வைக்கக் கலத்துக்கும் பெரிய காந்தங்களுக்கும் நடுவில் இடம் வேண்டும். சதுரப் பெட்டியை எடுத்துவிட்டு உருண்டையான குழாயை வைத்தால் மூலைகளில் இடம் கிடைக்கும். அவ்வளவுதான் தத்துவம்.

தத்துவம் ஒரு வரி, வேலை ஒன்றரை வருடம். டயர் டியூபை எடுக்க வேண்டுமானால் அதைச் சுற்றி மாட்டியிருக்கும் சுருள்களைக் கழற்ற வேண்டும். சுருள்களைக் கழற்ற அவற்றைத் தாங்கும் சட்டங்களைக் கழற்ற வேண்டும். கால் நூற்றாண்டாக முறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்த போல்ட்டுகள் என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று அப்பாவைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். பழைய சுருள்களைத் தூக்கி எறியவில்லை. சோதித்து, சீர்செய்து, புதிய கலத்தைச் சுற்றித் திரும்பவும் நிறுத்தினார்கள். காந்தங்கள் கொஞ்சம் கோணலாக நின்றாலே பிளாஸ்மா கோளாறு செய்யும். எனவே தச்சன் வாசற்கால் வைப்பதைவிட நூறு மடங்கு கவனமாக அளந்து அளந்து வைக்க வேண்டும். 2016 டிசம்பரில் ஆதித்யா-யு என்ற புதுப் பெயரோடு முதல் பிளாஸ்மா வந்தது. அது பற்றிய செய்தியில் தேதி இருந்தது, பிளாஸ்மா இருந்தது. போல்ட் இல்லை.

போல்ட்டைப் பற்றி எழுத முடியாதா என்றால் முடியும், எழுதினால் வாசகர் படிக்கவும் செய்வார். உதாரணத்துக்கு வெற்றிடம். கலத்தைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். காற்றில் ஈரம் உண்டு. அந்த ஈரம் எஃகுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். மறுபடி மூடிக் காற்றை உறிஞ்சினால் காற்று போய்விடும், ஈரம் போகாது. நாள்கணக்கில் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் திறப்பதற்கு முன் உலர்ந்த நைட்ரஜனை நிரப்புவார்கள். உள்ளே வைக்கும் பாகத்தை வெறுங்கையால் தொட மாட்டார்கள். கைரேகையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு போதும், பிளாஸ்மாவில் கரி கலக்க. உள்ளே போகும் ஒவ்வொரு ஸ்பானருக்கும் கணக்கு உண்டு. வெளியே வரும்போது எண்ணி வாங்குவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சு எண்ணுவது போல.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டோகமாக் உலகத்தில் இல்லை, பக்கத்து வீட்டில் ஒரு கதை இருக்கிறது. ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியை 1996-ல் பராமரிப்புக்குப் பின் திரும்ப இயக்கினார்கள். துகள்கள் சுற்ற மறுத்தன. எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டன. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் குழாயைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு பீர் பாட்டில்கள். யார் வைத்தார்கள் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

மூடிய பிறகு ஓட்டை தேடும் படலம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்போம். இங்கே குமிழிக்குப் பதில் ஹீலியம். கலத்துக்குள் வெற்றிடம், வெளியே வெல்டிங் இணைப்பு ஒவ்வொன்றின் மீதும் ஹீலியத்தை மெல்லப் பீய்ச்சிக்கொண்டே போவார்கள். உள்ளே ஹீலியத்தை முகர்ந்து பார்க்கும் கருவி இருக்கும். எந்த இணைப்பில் பீய்ச்சும்போது கருவி குரல் கொடுக்கிறதோ அங்கே ஓட்டை. அந்த ஓட்டை தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணியதாக இருக்கலாம், இருந்தும் ஒரு பருவத்தையே கெடுத்துவிடும். அது முடிந்தால் கலத்தைச் சூடேற்றி ஈரத்தை விரட்டுவது. ஆங்கிலத்தில் 'பேக்கிங்', ரொட்டி சுடும் சொல். நான் 'இளஞ்சூடு ஏற்றுதல்' என்றே எழுதினேன். நூறு டிகிரிக்கும் மேல் போகிற சூடு இளஞ்சூடா என்று கேட்டவர்களுக்கு, கொதிகலன் சூடு மட்டும் இளஞ்சூடா என்று திருப்பிக் கேட்டேன். பிறகு உள்ளே வாயுவை மெல்லிய ஒளியாக எரியவிட்டு நாள்கணக்கில் சுவரைக் கழுவுவார்கள். ஆதித்யாவில் சுவருக்கு லித்தியம் பூசிப் பார்த்த காலமும் உண்டு. வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான். ஆனால் இந்த வெள்ளை ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆதித்யாவின் தம்பி எஸ்எஸ்டி-1-ன் கதை இன்னும் கடினமானது. அதே வளாகத்தில் உள்ள இந்த இயந்திரத்தின் காந்தங்கள் மீக்கடத்திகள். மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் வேலை செய்யும். முதலில் அதைக் கட்டிக் குளிர்வித்தபோதுதான் கோளாறுகள் வெளிவந்தன. அறை வெப்பத்தில் ஒழுகாத இணைப்பு கடும் குளிரில் ஒழுகும். அறை வெப்பத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் மூட்டு குளிரில் சுருங்கி விலகும். இதை முன்கூட்டியே பார்க்கும் கண் எந்த ஃபிட்டருக்கும் இல்லை. இயந்திரத்தைப் பிரித்தார்கள். 16 காந்தங்களையும் ஒவ்வொன்றாகத் தனியே குளிர்வித்துச் சோதித்தார்கள். மூட்டுகளைத் திரும்பச் செய்தார்கள். 2013 ஜூனில் முதல் பிளாஸ்மா. நடுவில் போன ஆண்டுகளைத் 'தாமதம்' என்றே பேப்பர்களில் படித்தேன். தாமதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலையே நடக்காததால் வரும் தாமதமும், செய்த வேலையைத் திரும்பச் செய்ததால் வரும் தாமதமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது மொழியின் வறுமை அல்ல, நமது சோம்பல்.

நான் சோம்பல் என்று கோபப்படுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அரவைக் காலத்தில் போனவை அல்ல. மராமத்துக் காலத்தில், ஆலை 'ஓடாத' மாதத்தில், கரும்பு கேரியரின் சங்கிலிக்கடியில் கை விட்டுச் சக்கையை எடுத்துக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் யாரோ சோதனைக்காக ஸ்விட்ச் போட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி. ஆலை நின்றிருந்த காலத்தில் விபத்து எப்படி நடக்கும் என்று ஒரு அதிகாரி அம்மாவிடமே கேட்டாராம். அவர் அகராதியிலும் 'மூடல்' ஒன்றுதான் இருந்திருக்கிறது.

வேலைக்குத் திரும்பியதும் அப்பா சந்தையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினார். எந்த இயந்திரத்துக்குள் கை விடுவதானாலும் முதலில் அதன் ஸ்விட்ச் பெட்டியைத் தன் பூட்டால் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். அவர் வெளியே வந்து திறந்தால்தான் இயந்திரம் ஓடும். கொஞ்ச நாள் கிண்டல் செய்தார்கள். பிறகு மில் ஹவுஸில் பாதிப் பேர் பூட்டு வாங்கினார்கள். இணைவு ஆய்வுக்கூடங்கள் போன்ற இடங்களில் இதுதான் எழுதப்பட்ட சட்டம் என்று பிற்பாடு மொழிபெயர்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இயந்திரக் கூடத்துக்குள் போகிறவர் ஒரு சாவியை எடுத்துப் போக வேண்டும். எல்லாச் சாவிகளும் பலகைக்குத் திரும்பாமல் மின்சாரம் பாயாது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்களை இணைப்பு நீக்கியது போதாது, பூமிக்கம்பி தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிய பிறகே அருகில் போகலாம்.

இதை அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "யாரும்மா கண்டுபிடிச்சாங்க இதை?" என்றார்.

"தெரியலப்பா. உங்களை மாதிரி யாராவது இருக்கும்."

"விரல் எத்தனை போச்சோ" என்றார்.

அவர் ரொம்ப நேரம் கேட்டது இங்கிலாந்துக் கதையை. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே கல்ஹம் என்ற கிராமத்தில் ஜாயின்ட் யூரோப்பியன் டோரஸ், சுருக்கமாக ஜெட், 1983-லிருந்து 2023 முடிய ஓடியது. அளவில் ஆதித்யா இதன் முன் பொம்மை. ஜெட்டின் கலத்துக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். நடக்கலாம் என்பது 1997 வரை. அந்த ஆண்டு டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு வகை ஹைட்ரஜனைக் கலந்து எரித்து, 16 மெகாவாட் இணைவுச் சக்தியை ஒரு கணம் எட்டினார்கள். அது உலக சாதனை. சாதனையின் மறுபக்கம், அதில் பிறந்த நியூட்ரான்கள் சுவரைத் துளைத்து, சுவரின் உலோகத்தையே கதிரியக்கம் உள்ளதாக்கிவிட்டன. இனி சர்வசாதாரணமாக ஆள் உள்ளே போய் ஸ்பானர் பிடிக்க முடியாது. ஆனால் உள்ளே வேலை இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு வடிகால் பகுதியை மாற்ற வேண்டும்.

இதை முன்பே எதிர்பார்த்து ஒரு கையைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். கலத்தின் பக்கவாட்டு வாசல் வழியாக யானைத் துதிக்கை போல வளைந்து வளைந்து உள்ளே போகும் நீண்ட கரம். அதன் நுனியில் மாஸ்காட் என்ற இத்தாலிய வழி வந்த இரண்டு கைகள். பல சுவர்களுக்கு அப்பால் ஓர் அறையில் உட்கார்ந்து ஆபரேட்டர் தன் கைகளை அசைத்தால் உள்ளே அந்தக் கைகள் அசையும். அதைவிட முக்கியம், உள்ளே போல்ட் இறுகினால் வெளியே அவர் கைக்கு அந்த இறுக்கம் தெரியும். கண்ணுக்குக் காமிரா, கைக்குத் தொடு உணர்வு. 1998-ல் மனிதர் நுழையாமலே வடிகால் பகுதியைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். அதற்கு முன் அதே அளவில் கட்டிய ஒரு மாதிரிக் கலத்தில் ஒத்திகை. நாடகக்காரர்கள் தோற்றார்கள்.

அப்பா இடைமறித்தார். "இறுக்கம் கைக்குத் தெரியுதுன்னா சொன்ன?"

"ஆமாப்பா."

"அப்ப அது ஃபிட்டர் வேலைதான். பொம்மை வேலை இல்லை."

ஜெட்டின் பெரிய மராமத்து 2009 அக்டோபரில் தொடங்கி 2011 வசந்தம் வரை நீடித்தது. கலத்தின் உட்சுவர் முழுக்க கார்பன் ஓடுகள் பதித்திருந்தார்கள். கார்பன் சூட்டைத் தாங்கும், உருகாது. ஆனால் டிரிட்டியத்தைத் தன்னுள் இழுத்துவைத்துக் கொள்ளும். டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது, கிடைப்பதற்கரியது, 12.3 ஆண்டில் பாதியாகிவிடுவது. அதைச் சுவர் விழுங்கினால் எதிர்கால உலைக்குக் கட்டுப்படி ஆகாது. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற பெரிய சர்வதேச டோகமாக்குக்கு உலோகச் சுவர் என்று அன்றைய திட்டம். அது சரிப்படுமா என்று ஜெட்டில் பார்த்துவிட முடிவு செய்தார்கள். சுவருக்கு பெரிலியம், வடிகாலுக்கு டங்ஸ்டன். நமது ஊரில் ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்றுவது போல ஆயிரக்கணக்கான ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறு ஓட்டை மாட்ட வேண்டும். பெரிலியம் தூசி நுரையீரலுக்கு எமன். கதிரியக்கம் ஒருபுறம், விஷத்தூசி மறுபுறம். பெரும்பாலான வேலையை அந்த இயந்திரக் கைகளே செய்தன. ஒரு கரம் வேலை செய்ய, எதிர் வாசல் வழியே வரும் இன்னொரு கரம் ஓடும் கருவியும் எடுத்துக்கொடுக்கும் - கொத்தனாரும் சித்தாளும் போல.

2011 ஆகஸ்டில் புதுச் சுவரோடு பிளாஸ்மா வந்தது. வந்தது பிரமாதமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கார்பன் சுவரில் கிடைத்த திறமை உலோகச் சுவரில் கிடைக்கவில்லை. டங்ஸ்டன் துளியூண்டு நடுவில் கலந்தாலும் சூட்டை வெளியே வீசி பிளாஸ்மாவைக் குளிர்வித்துவிடும். புது அடுப்பில் பழைய பக்குவம் வரவில்லை என்று எந்த வீட்டிலும் கேட்கிற புகார்தான். அந்தப் பக்குவத்தைத் திரும்பப் பிடிக்கப் பல பருவங்கள் ஆயின. 2021 டிசம்பரில் ஐந்து நொடிகளில் 59 மெகாஜூல், 2023 அக்டோபரில் 69 மெகாஜூல் என்று சாதனைச் செய்திகள் வந்தபோது உலகெங்கும் முதல் பக்கம். 59-ஐ நானும் மொழிபெயர்த்தேன். மூலத்தில் ஓடு மாற்றிய 18 மாதங்கள் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. இடம் போதவில்லை என்று அதை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியது எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். எந்தப் பத்திரிகையிலும் அந்த வாக்கியம்தான் முதலில் போகும்.

ஈட்டருக்கே இந்த அனுபவம் கட்டி முடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 2022-ல் அதன் வெப்பக் கேடயத்தில் பற்றவைத்த குளிரூட்டும் குழாய்களில் விரிசல் கண்டார்கள். அங்கே தங்கிவிட்ட குளோரின் மிச்சம் மெல்ல மெல்ல எஃகை அரித்திருந்தது. கலத்தின் துண்டுகளும் ஓரங்களில் சொன்ன அளவுக்குப் பொருந்தவில்லை. ஏற்கெனவே குழிக்குள் இறக்கியிருந்த பாகத்தையே வெளியே தூக்கிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்தை மூடும் 30 மீட்டர் உயரக் குளிர்கலத்தின் பாகங்கள் நமது சூரத் பக்கத்து ஹஜீராவில் செய்து கப்பலேறியவை. பெரிய இயந்திரத்தின் பெருமையில் நமக்குப் பங்கு உண்டென்றால் அதன் மராமத்துக் கவலையிலும் நமக்குப் பங்கு உண்டு.

அந்த 2015 தகராறு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 'ஆதித்யாவுக்கு மராமத்து' என்று போடச் சொன்னேன். மராமத்து என்றால் ஏரி, கால்வாய், பொதுப்பணித் துறை நினைவு வருகிறது, விஞ்ஞானம் நினைவு வரவில்லை என்றார் செய்தி ஆசிரியர். அதுவே நல்லது என்றேன். மேட்டூர் அணையை ஜனவரியில் மூடுவதை யாரும் அணை மூடல் விழா என்று அழுவதில்லை; கால்வாய் தூர்வார அதுதான் நேரம் என்று தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியும். அதே தெளிவோடு வாசகர் ஆதித்யாவையும் பார்க்கட்டுமே. இரவு பத்து மணிக்கு 'ஆதித்யா புதுப்பிப்பு' என்று அச்சுக்குப் போனது. புதுப்பிப்பு என்பது இப்போது செல்போனில் வருவது. இருந்தாலும் மூடலைவிட மேல்.

ஜெட்டுக்கு மட்டும் 'மூடல்' என்ற சொல் கடைசியில் பொருந்திவிட்டது. 2023 டிசம்பர் 18 அன்று 1,05,842-வது ஷாட்டோடு அது நின்றது. கடைசிக் காலத்தில் அவர்கள் செய்த காரியம் விசித்திரமானது. நாற்பது ஆண்டுகளாகச் சுவரில் படாமல் காத்த பிளாஸ்மாவை, கடைசியில் வேண்டுமென்றே உட்சுவரை நோக்கித் திருப்பினார்கள். வேகமாக ஓடும் எலெக்ட்ரான்கள் சுவரை எவ்வளவு கெடுக்கும் என்று பார்த்துக்கொள்ள இனி இன்னொரு வாய்ப்பு வராது என்பதால். பிறகு பழைய கைகளையே உள்ளே அனுப்பினார்கள். 2024-ல் அவை சில ஓடுகளைக் கழற்றி வெளியே எடுத்து வந்தன. சேதத்தை அறிய ஆய்வுக்கூடத்தில் அவற்றை வெட்டிப் பார்க்கிறார்கள். மீதி ஓடுகளையும் கலத்தையும் பிரித்து முடிக்க 2040 வாக்கில் ஆகும் என்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று அப்பா கேட்டார்.